ஆங்கிலக் கத்தோலிக்கச் சொற்களுக்கு ஒரு சட்டைப்பைக் கையேடு: வாங்கலாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கோவில் வாசல் புத்தகத் தட்டுகளில் ஒரு சின்னக் கையேடு விற்பனைக்கு இருக்கிறது. ஆங்கிலக் கத்தோலிக்கச் சொல், தமிழ் எழுத்தில் அதன் உச்சரிப்பு, பக்கத்தில் தமிழ்ப் பொருள். 128 பக்கம், விலை 120 ரூபாய். தனி ஒருவர் சொந்தச் செலவில் தொகுத்து அச்சிட்டது என்பதால், பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பீடத்தின் மேலும் திருப்பொருள் அறையிலும் இருக்கும் பொருள்களின் பெயருக்கு இது நல்ல துணை. நம்பிக்கை, சட்டம், வரலாறு என்று உள்ளே போகப் போக, பொது அகராதியில் முதலில் வரும் பொருளையே கோவிலுக்கும் பொருத்திவிடுகிறது. கோவில் ஆங்கிலம் அப்படி நடப்பதில்லை. அதில் பாதிச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை. தெருவில் ஒரு பொருள், பீடத்தருகே இன்னொரு பொருள், ஆயர் இல்லத்துக் கடிதத்தில் மூன்றாவது பொருள். கையேட்டை வாங்குகிறவர் கூடவே ஒரு பென்சிலும் வைத்திருக்க வேண்டும். எங்கெங்கே திருத்த வேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி.

தேவைப்படுவோர் இங்கே நிறையப் பேர். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகள், ஆங்கிலவழிப் பள்ளியில் மறைக்கல்வி எடுப்பவர்கள், ஆங்கிலப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர்கள், பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ ஞானஸ்நானச் சான்றிதழ் அனுப்ப வேண்டிய குடும்பங்கள், வெளியூர்க் கடையின் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்கும் கோவில்பிள்ளைகள், அதாவது கோவில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள். கடைசியில் சொன்னவர்களுக்குத்தான் கையேடு அதிகம் உதவும்.

சாலிஸ் என்றால் இரசக் கிண்ணம், பேட்டன் என்றால் அப்பத் தட்டு. சிபோரியம் என்பது மூடியுள்ள நற்கருணைப் பாத்திரம், மக்களுக்குக் கொடுக்கும் சிறிய ஓஸ்திகள், அதாவது பூசை அப்பங்கள், இருப்பது. மான்ஸ்ட்ரன்ஸ் என்பது கதிர்ப்பாத்திரம். 'காட்டு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர். பிக்ஸ் என்பது நோயாளிக்கு நற்கருணை எடுத்துப்போகும் உள்ளங்கைச் சிமிழ். இவை ஐந்தையும் கையேடு தெளிவாகப் பிரித்து, கோட்டுப் படமும் போட்டிருக்கிறது. விட்டுப்போன ஒன்று லூனா, லூனெட் என்றும் பட்டியல்களில் வரும். கதிர்ப்பாத்திரத்தின் நடுவில் பெரிய ஓஸ்தியைப் பிடித்து நிறுத்தும் கண்ணாடிக் கூடு அது. கதிர்ப்பாத்திரம் வாங்கும்போது இந்தக் கூட்டின் உள்விட்டத்தைக் கேட்டு, கோவிலில் வழக்கமாக வாங்கும் பெரிய ஓஸ்தியின் விட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஓஸ்தி பெரிதாக இருந்தால் ஓரம் உடையும். சிறிதாக இருந்தால் சாய்ந்து விழும். பட்டியலில் 'கில்ட் இன்சைட்' என்று போட்டிருந்தால் உட்புறம் பொன்பூச்சு என்று பொருள். துருப்பிடிக்கும் உலோகத்தில் செய்த இரசக் கிண்ணத்துக்கு உட்புறம் பொன்பூச்சு வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொது விதிமுறை. உப்புக் காற்றடிக்கும் நம் கரையில் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

துணிகளில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. கார்ப்பொரல், ப்யூரிஃபிகேட்டர் இரண்டின் பொருளும் இடம் மாறி அச்சாகிவிட்டன. கார்ப்பொரல் என்பது பீடத்தின் மேல் விரித்து, அதன்மேல் கிண்ணத்தையும் தட்டையும் வைக்கும் சதுரத் துணி, அதாவது திருமேனித் துகில். நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே மூன்றாகவும் மடித்து, விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும்படி வைப்பார்கள். அப்பத் துகள் விழுந்தால் அந்த மடிப்புக்குள்ளேயே நிற்கத்தான் அப்படி மடிப்பது. ப்யூரிஃபிகேட்டர் என்பது கிண்ணத்தைத் துடைக்கும் நீளத் துணி. நீளவாக்கில் மூன்றாக மட்டும் மடிப்பு. கையேட்டை நம்பிப் பத்துக் கார்ப்பொரல் வரவழைத்தால், துடைக்கத் துணி இல்லாமல் விரிக்கத் துணி மலையாகக் கிடக்கும். துவைக்கும் முறையும் கையேட்டில் இல்லை. இரண்டையும் முதலில் தனியாக நீரில் அலசி, அந்த நீரை மண்ணில் ஊற்ற வேண்டும்; அல்லது சக்ரேரியம் எனப்படும், வடிகால் நேரே மண்ணுக்குப் போகும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு. சாக்கடைக்குப் போகும் குழாயடியில் முதல் அலசலைச் செய்வது தவறு.

பால் (pall) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'சவப்பெட்டி மேல் போர்த்தும் துணி' என்று மட்டும் போட்டிருக்கிறது. அது சரிதான், ஆனால் இரசக் கிண்ணத்தை மூடும் விறைப்பான சதுர அட்டைத் துணிக்கும் அதே பெயர்தான். தினப் பூசையில் கையில் எடுப்பது இரண்டாவதைத்தான். போட் என்பதற்குப் 'படகு' என்று வந்திருப்பதையும் அடித்துவிடுங்கள். தூபக் கலசத்தோடு, அதாவது தூரிபிளோடு, வரும் சாம்பிராணிச் சிமிழின் பெயர் அது. படகு வடிவில் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. 'தூரிபிள் வித் போட் அண்ட் ஸ்பூன்' என்று பட்டியலில் இருந்தால் கலசம், சிமிழ், கரண்டி மூன்றும் சேர்ந்த விலை.

ஆடைகளில் அமிஸ், ஆல்ப், சிங்க்ச்சர், ஸ்டோல், சாசுபிள் என்ற வரிசை அப்படியே குரு அணியும் வரிசையில் இருக்கிறது: கழுத்துத் துணி, வெண்ணங்கி, இடைக்கயிறு, தோளிலிருந்து தொங்கும் பட்டை, மேலே பூசை ஆடை. நல்ல யோசனை. கோப் என்பது முன்புறம் திறந்த பெரிய போர்வை ஆடை. பவனிக்கும் நற்கருணை ஆசீருக்கும் உரியது. ஹ்யூமரல் வெயில் என்பது கதிர்ப்பாத்திரத்தை எடுக்கும்போது தோளில் போட்டுக் கைகளை மூடும் துகில். பெனெடிக்ஷன் என்ற சொல்லுக்கு வெறும் 'ஆசீர்வாதம்' என்று எழுதியது போதாது. கத்தோலிக்கர் 'பெனெடிக்ஷன்' என்று ஒரு வழிபாட்டின் பெயராகச் சொன்னால் கதிர்ப்பாத்திரத்தால் கொடுக்கும் நற்கருணை ஆசீர்தான். நிறங்களைப் பற்றிய பக்கம் சுத்தமாக இருக்கிறது. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் ரோஸ் நிறம் அணியலாம் என்பதுவரை இருக்கிறது.

ஆல்ட்டர் பிரெட் என்பதற்கு 'ரொட்டி' என்று போடக் கூடாது. ஓஸ்தி என்றே போடலாம். அந்தச் சொல்லே போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து நம் வாயில் பழகியது. கோதுமையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேராத, புளிக்காத அப்பம் அது. பொட்டலத்தில் 'லோ குளூட்டன்' என்றிருந்தால் அனுமதி உண்டு. 'குளூட்டன் ஃப்ரீ' என்றிருந்தால் திருப்பலிக்கு ஆகாது. 2003-லும் 2017-லும் உரோமையிலிருந்து வந்த கடிதங்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசம் கடை அலமாரியில் கண்ணுக்குத் தெரியாது, பீடத்தில் பெரிது.

உச்சரிப்புப் பகுதி வாசகர்களுக்குப் பாதி உதவும். சாம் என்று சொல்ல வேண்டிய திருப்பாடலைப் 'ப்சாம்' என்று போடாதது நிம்மதி. யோபுவின் நூலை 'ஜாப்' என்று, வேலைக்குச் சொல்வதுபோல அச்சிட்டிருக்கிறார்கள். 'ஜோப்' என்று நீட்ட வேண்டும். கலெக்ட் என்ற சொல்லுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில் என்று குறியிட்டிருக்கிறது. பணம் வசூலிக்கும் வினைக்கு அது சரி. திருப்பலித் தொடக்கத்தில் குரு எல்லாருடைய வேண்டுதலையும் திரட்டிச் சொல்லும் மன்றாட்டுக்கு முதல் அசையில்தான் அழுத்தம். ரூப்ரிக் என்பதற்குச் 'செவ்வெழுத்துக் குறிப்பு' என்று எழுதியிருப்பது அருமை. வாசக நூலில் சிவப்பில் அச்சான வரிகள் வாசிப்பவருக்கான குறிப்பு; அவற்றைச் சத்தமாக வாசிக்கக் கூடாது. 'ஃபர்ஸ்ட் ரீடிங்' என்ற தலைப்பையும் சேர்த்து வாசிப்பது இன்றும் ஆங்கிலப் பூசைகளில் கேட்கிற பிழை.

பதிலுரைகள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. 'அண்ட் ஆல்சோ வித் யூ' என்பது 2011-ல் ஆங்கில உலகில் பரவலாக நடைமுறைக்கு வந்த திருப்பலி நூலில் 'அண்ட் வித் யுவர் ஸ்பிரிட்' ஆகிவிட்டது. 'உம் ஆன்மாவோடும்' என்று தமிழில் சொல்கிறவருக்கு இது நினைவில் நிற்பது சுலபம். அதே நூலில் விசுவாச அறிக்கையில் 'கன்சப்ஸ்டான்ஷியல்' வந்தது, கப் என்ற இடத்தில் சாலிஸ் வந்தது. இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதிக்கொண்டால் அந்தப் பக்கம் பயன்படும்.

விழாக்கள் பகுதியில் சாலெம்னிட்டி, ஃபீஸ்ட், மெமோரியல் மூன்றுக்கும் 'திருவிழா' என்றே போட்டுவிட்டார்கள். தமிழில் மூன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது: பெருவிழா, விழா, நினைவு. பாடகர் குழுவுக்கு இந்த வித்தியாசம் அன்றாடத் தேவை. பெருவிழாவில் உன்னதங்களிலே கீதமும் உண்டு, விசுவாச அறிக்கையும் உண்டு. விழாவில் உன்னதங்களிலே மட்டும். நினைவு நாளில் இரண்டும் இல்லை. ஆர்டினரி டைம் என்பதைச் 'சாதாரண நாட்கள்' என்று போட்டதையும் திருத்த வேண்டும். ஞாயிறுகளை எண் வரிசையிட்டு எண்ணும் காலம் என்பதால் அந்தப் பெயர், தமிழில் பொதுக்காலம். ஊர்த் திருவிழா அழைப்பிதழ் ஆங்கிலத்தில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சொல்: தேர்பவனியைக் 'கார் ப்ரொசஷன்' என்று போடுவது நம் ஊர்ப் பழக்கம், கையேடும் அப்படியே கொடுக்கிறது. வெளியூர் விருந்தாளி அதைப் படித்து மோட்டார் வாகன ஊர்வலம் என்று நினைப்பார். 'சாரியட் ப்ரொசஷன்' என்று அடியுங்கள்.

இனி நம்பிக்கைச் சொற்கள். புதுச்சேரிக்காரர் ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இமாக்குலேட் கன்செப்ஷன். நம் பேராலயத்தின் பெயரே அது. கையேடு, 'இயேசு கன்னி வயிற்றில் கருவானது' என்று எழுதியிருக்கிறது. வழிகாட்டிகள் பலரும் பயணிகளுக்கு இதையேதான் சொல்கிறார்கள். இயேசு கன்னியிடம் பிறந்தது வேறு நம்பிக்கை. இது மரியாளைப் பற்றியது: அவர் தம் தாய் வயிற்றில் கருவான நொடியிலிருந்தே ஜென்மப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்பது. ஒன்பதாம் பத்திநாதர் 1854 டிசம்பர் 8-இல் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். திருநாள் தேதியே பிழையைக் காட்டிக்கொடுக்கும். டிசம்பர் 8-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மரியாளின் பிறந்தநாள். இயேசு கருவான நாள் மார்ச் 25, அன்று அனன்சியேஷன், மங்கள வார்த்தைத் திருநாள். அங்கிருந்து ஒன்பது மாதம் கிறிஸ்துமஸ். பழைய தமிழ்ச் சொல்லே இதை அழகாகச் சொல்லிவிடுகிறது: அமலோற்பவம், அமலம் கூடிய உற்பவம், மாசில்லாத தோற்றம்.

அசம்ப்ஷன், அசென்ஷன் இரண்டுக்கும் 'விண்ணேற்றம்' என்று ஒரே சொல். இயேசு தம் வல்லமையால் ஏறினார், அது அசென்ஷன், விண்ணேற்றம். மரியாள் எடுத்துக்கொள்ளப்பட்டார், அது அசம்ப்ஷன், விண்ணேற்பு. ஒன்றிரண்டு எழுத்து வித்தியாசத்தில் செய்கிறவர் யார் என்பதே மாறுகிறது. நெல்லித்தோப்புக் கோவிலின் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே போதும், விண்ணேற்பு அன்னை என்று சரியாக இருக்கும்.

வொர்ஷிப், வெனரேஷன் இரண்டுக்கும் 'வழிபாடு' என்று போட்டது சிறிய பிழை போலத் தெரியும். பிற சபைச் சகோதரர்களோடு வாதம் தொடங்கும் இடமே அதுதான். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மரியாளுக்குச் சிறப்பு வணக்கம். லத்தீன் சொற்களாக லாட்ரியா, தூலியா, ஹைப்பர்தூலியா என்று மூன்றும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சரியான பொருளோடு இருக்கின்றன. அந்தத் தெளிவை முன்பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. இண்டல்ஜன்ஸ் என்பது 'பாவத்துக்குச் சலுகை' அல்ல. பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் மீந்திருக்கும் தண்டனையின் குறைப்பு. முழுவதும் நீங்கினால் பரிபூரண பலன். டாக்டர் ஆஃப் த சர்ச் என்றால் மறைவல்லுநர். பேஷன் என்றால் ஆண்டவரின் பாடுகள். ரிலிஜியஸ் என்பது பெயர்ச்சொல்லாக வந்தால் 'பக்தியுள்ளவர்' அல்ல, வார்த்தைப்பாடு கொடுத்த துறவி. கன்ஃபெசர் என்பதற்கு 'பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு' என்ற பொருள் மட்டும் இருக்கிறது. புனிதர் பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பின் அந்தச் சொல் வந்தால், இரத்தம் சிந்தாமல் விசுவாசத்துக்குச் சான்றாக வாழ்ந்தவர் என்று பொருள். புனிதர் பட்டப் படிகளை இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், புனிதர் என்று வரிசையாகக் கொடுத்தது நன்று. உதாரணமாக மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையைச் சேர்த்திருக்கலாம். 2012-ல் பியாட்டிஃபிகேஷன், 2022 மே 15-ல் கேனனைசேஷன் என்று இரு சொல்லும் நம் மண்ணிலேயே விளங்கிவிடும்.

கட்டாயம் இன்றே அடிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. லாஸ்ட் ரைட்ஸ் என்பதற்கு 'இறுதிச் சடங்கு' என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் இறுதிச் சடங்கு என்றால் அடக்கம். லாஸ்ட் ரைட்ஸ் உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பது: பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், வழியுணவாக நற்கருணை. இந்த மூன்றாவதன் பெயர்தான் வையாட்டிக்கம். மருத்துவமனையில் ஆங்கிலம் பேசும் ஊழியர் கேட்கும்போது, குடும்பத்தார் கையேட்டைப் பார்த்து 'அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் சாமியார் வருவதற்குள் காலம் கடந்துவிடும். நோயில்பூசுதல் சாகும் நொடிக்கு மட்டும் என்பதும் தவறு. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளர்ந்தபோதும் கேட்கலாம். எக்ஸ்ட்ரீம் அங்க்ஷன் என்ற பழைய ஆங்கிலப் பெயரும் அவஸ்தைபூசுதல் என்ற பழைய தமிழ்ப் பெயரும் சேர்ந்துதான் அந்தப் பயத்தை வளர்த்தன.

சான்றிதழ்ப் பகுதி நான்கே பக்கம். நம் ஊர் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அது போதாது, இருப்பதிலும் பிழை. மினிஸ்டர் ஆஃப் பாப்டிசம் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயர். ஸ்பான்சர் என்றால் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய், பணம் கொடுத்தவர் அல்ல. அவருக்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. திருச்சபைச் சட்டம் 874 இதைச் சொல்கிறது. பான்ஸ் என்றால் கல்யாண ஓலை வாசிப்பது. மார்ஜினல் நோட்டேஷன் என்பது கையேட்டிலேயே இல்லை, ஆனால் திருமணத்துக்குக் கேட்கும்போது அதுதான் முக்கியம். ஒருவர் உறுதிப்பூசுதல் பெற்றதும், மணம் முடித்ததும், குருப்பட்டம் பெற்றதும் அவருடைய ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். அதனால்தான் பெட்டியில் பத்திரமாக இருக்கும் இருபது வருடப் பழைய சான்றிதழை ஏற்காமல், அண்மையில் எடுத்த புதிய பிரதி கேட்கிறார்கள். பிறந்த தேதி மட்டும் பார்க்கிறவருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றும். பார்க்கிறவர் ஓரக் குறிப்பைத்தான் பார்க்கிறார்.

மிக்ஸ்ட் மேரேஜ் என்பதற்குக் 'கலப்புத் திருமணம்' என்று எழுதினால் நம் ஊரில் சாதி மாறிய கல்யாணம் என்றே படிப்பார்கள். திருச்சபைச் சட்டத்தில் அது கத்தோலிக்கர் ஒருவர், ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரர் ஒருவர், உதாரணமாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர், இவர்கள் செய்யும் திருமணம். ஞானஸ்நானம் பெறாத இந்துவையோ இஸ்லாமியரையோ மணந்தால் அதன் பெயர் டிஸ்பாரிட்டி ஆஃப் கல்ட். முதலாவதுக்கு வேண்டியது பெர்மிஷன், அனுமதி. இரண்டாவதுக்கு டிஸ்பென்சேஷன், விதிவிலக்கு. அது இல்லாமல் நடந்த திருமணம் திருச்சபை முன் செல்லாது. விண்ணப்பத்தில் கட்டத்தை மாற்றிக் குறித்தால் தாள் திரும்பி வரும், கல்யாணத் தேதி நெருங்கிவிடும். அந்தத் தாளின் அடியில் 'லோக்கல் ஆர்டினரி' கையொப்பம் என்று இருப்பது ஆயரையோ அவர் சார்பில் அதிகாரம் உள்ள முதன்மைக் குருவையோ குறிக்கும். அனல்மெண்ட் என்பதை 'விவாகரத்து' என்று போட்டது பெரிய தவறு. இருந்த திருமணத்தை முறிப்பது விவாகரத்து. இது தொடக்கத்திலேயே திருமணம் செல்லத்தக்கதாக உண்டாகவில்லை என்று திருச்சபை நீதிமன்றம் விசாரித்து அறிவிப்பது. நாட்டுச் சட்டப்படியான தீர்ப்பு தனி, அதை இது தராது.

வரலாற்றுப் பக்கங்களுக்கு வருவோம். கதீட்ரல் என்பதற்கும் பசிலிக்கா என்பதற்கும் 'பெரிய கோவில்' என்று ஒரே பொருள். அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயரின் கதீட்ரா, அதாவது ஆசனம், இருக்கும் கோவில் கதீட்ரல். பசிலிக்கா என்பது திருத்தந்தை கொடுக்கும் சிறப்புப் பட்டம். புதுச்சேரியில் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை ஆலயம் கதீட்ரல்; 1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது பழைய கோவில் போய், இப்போதுள்ளது 1791-ல் எழுந்தது. தெற்கு புல்வாரில் உள்ள இயேசுவின் திருஇருதய ஆலயம் 1907-ல் அர்ச்சிக்கப்பட்டு, 2011-ல் பசிலிக்கா ஆனது. மூன்றாவதாக தூமா வீதியில் 1855-ல் கட்டி முடித்த சம்மனசுகளின் இராக்கினி ஆலயம். இது கதீட்ரலும் அல்ல, பசிலிக்காவும் அல்ல. ஊர் வாயில் இருக்கும் பெயர்களும் சொல்லாராய்ச்சிதான். கதீட்ரலைச் சொல்லும் சம்பா கோவில் என்பது சேன் போல், பவுலடியாரின் பிரெஞ்சுப் பெயர், தேய்ந்து வந்தது. தூமா வீதி ஆலயத்தைச் சொல்லும் கப்ஸ் கோவில் என்பது கப்புச்சின் துறவிகளின் பெயர். இந்த இரண்டையும் கையேட்டில் சேர்த்தால் வழிகாட்டிகள் நன்றியோடு வாங்குவார்கள்.

விகர் அப்போஸ்தொலிக் என்பதை 'உதவிப் பங்குத்தந்தை' என்று போட்டது புதுச்சேரி வரலாற்றையே தலைகீழாக்கும். முழு மறைமாவட்டமாக இன்னும் ஆகாத பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் ஆளும் ஆயர் அவர். 1886 செப்டம்பரில் இந்தியாவில் ஆயர் ஆட்சிமுறை நிறுவப்பட்டு இது உயர்மறைமாவட்டமாகும்வரை இங்கே ஆட்சி செய்த ஆயர்கள் அந்தப் பட்டத்தோடுதான் இருந்தார்கள். கடலூர் பெயரில் சேர்ந்தது 1953-ல். ப்ரொப்பகாண்டா ஃபீதே என்பதில் உள்ள முதல் சொல்லைப் 'பிரச்சாரம்' என்று அரசியல் வாடையோடு எழுதக் கூடாது. 1622-ல் நிறுவிய விசுவாசப் பரப்புப் பேராயம் அது. அரசியல் பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. சேசு சபையாரை, அதாவது ஜெசூட் துறவிகளை, 1773-ல் கலைத்தபின் 1776-ல் புதுச்சேரிப் பணியை ஏற்ற பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக்கும் ஒரு பதிவு வேண்டும். பழைய கல்லறைகளில் எம்.இ.பி. என்ற அதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது மலபார் ரைட்ஸ். கையேடு அதைக் கேரளத்துச் சீரோ மலபார் வழிபாட்டு முறை என்று விளக்குகிறது. ரைட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: ஒரு திருச்சபை மரபின் முழு வழிபாட்டு முறை ஒன்று, தனிச் சடங்கு மற்றொன்று. மலபார் ரைட்ஸ் என்பதில் இருப்பது இரண்டாவது. கேரளத்தை அல்ல, நம் தமிழ்நாட்டு மிஷனைச் சுற்றிய வழக்கு அது. தாலி, பொட்டு, பூப்பு விழா, ஞானஸ்நானத்தில் குரு உமிழ்நீர் தொட்டு வைக்கும் பழைய சடங்கை நம் மக்கள் அருவருத்ததால் சேசு சபையார் விட்டுவிட்டது ஆகியவைபற்றி எழுந்த பூசல். திருத்தந்தையின் தூதர் தூர்னோன் தம் தீர்ப்பை 1704-ல் எழுதியது இதே புதுச்சேரியில். பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744-ல்தான் வழக்கை முடித்துவைத்தார். கல்லூரி மாணவர் ஒருவர் கையேட்டை நம்பிக் கட்டுரை எழுதினால் முதல் வரியிலேயே மாநிலம் மாறிவிடும்.

கடைசியாக, தமிழ்ப் பக்கத்திலேயே உள்ள குறை. கையேடு புதிய தமிழை மட்டும் கொடுக்கிறது: திருப்பலி, திருமுழுக்கு, ஒப்புரவு, புனிதர், தூய ஆவியார், ஆயர். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்த பின் நிலைத்த சொற்கள் இவை. வீட்டில் பாட்டி சொல்வதோ பூசை, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், அர்ச்சியசிஷ்டவர், இஸ்பிரீத்து சாந்து, மேற்றிராணியார். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று செபமாலை சொல்கிறவருக்கு, க்ரேஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அருள்' என்று மட்டும் கொடுத்தால் அவர் மனத்தில் உள்ள சொல்லோடு அது சேராது. பழைய சொற்களும் ஒருவர் மேசையில் உருவானவை அல்ல. 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்வி நூல் முதல், வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எழுப்பிய காலம் வழியாக, மிஷன் அச்சகத்து செபப் புத்தகங்கள் வரை நானூறு வருடம் உரசி உரசி அமைந்தவை. பழைய கல்லறை எழுத்தும் பழைய ஓலையும் அந்தத் தமிழில்தான் இருக்கின்றன.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தேடும் அட்டவணையும் கிடையாது. 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று வைத்துக்கொண்டு பர்கேட்டரியைக் கண்டுபிடிக்க வழியில்லை. பின்னட்டைக்கு முன் ஆறு வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். வாங்கினால் அந்த ஆறு பக்கத்தையும் இதற்கு ஒதுக்குங்கள்: இடப்பக்கம் வீட்டுப் பெரியவர் சொல்லும் சொல், நடுவில் திருப்பலி நூலில் உள்ள சொல், வலப்பக்கம் ஆங்கிலம். இந்தத் தாளில் பேனா மை பரவும், பென்சில்தான் நிற்கும்.